ஆசிஃப் மாண்ட்வி: தனக்கான வேடத்தைத் தானே எழுதிக்கொண்ட நடிகர் (விவாத இழை)

மேடைப்பித்தன்

அமெரிக்காவில் முஸ்லிம் நகைச்சுவையாளர்கள் என்று பேச்சு எடுத்தாலே குமைல் நஞ்சியானி, ஹசன் மின்ஹாஜ், மோ ஆமர், ரமி யூசுஃப் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். ஆசிஃப் மாண்ட்வி பெயர் கடைசியில் வரும். பல நேரம் வராது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மேலே சொன்ன எல்லோருக்கும் முன்னால், பின்தொடர்ந்து போக ஆளே இல்லாத காலத்தில் நுழைந்தவர் அவர். அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி விரிவாகப் பேசத்தான் இந்த இழை.

1966-ல் பம்பாயில், குஜராத்தி தாவூதி போரா (ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவு) குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயதிலேயே இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கம்பளி ஆலை ஊர். எழுபதுகளில் தெற்காசியப் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் போய் வருவதே ஒரு பாடு. பதினாறு வயதில் மறுபடியும் மூட்டை கட்டி அமெரிக்கா, ஃபுளோரிடாவின் டாம்பா. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். பிறகு ஆர்லாண்டோ டிஸ்னி பூங்காவில், நடந்து போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து அங்கேயே கற்பனையாக நடிக்கும் வேலை. 1991-ல் நியூயார்க்.

நியூயார்க்கில் கிடைத்த வேடங்கள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஒன்று போதும். 1995-ல் வந்த டை ஹார்டு வரிசையின் மூன்றாவது படத்தில் அவர் பெயர் இல்லாத ஓர் அரபு டாக்சி ஓட்டுநர். நாடகப் பட்டம் வாங்கியவர், ஆங்கில உச்சரிப்பு இங்கிலாந்தில் வளர்ந்த உச்சரிப்பு, ஆனால் ஆடிஷனில் கேட்டது டாக்சிக்காரர் குரல்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் விஷயம். வேடம் தேடி அலைவதோடு நிற்காமல் உட்கார்ந்து எழுதினார். வின் ஹேண்ட்மன் நடத்திய அமெரிக்கன் பிளேஸ் தியேட்டரில் 1998-ல் 'சகீனாஸ் ரெஸ்டாரன்ட்' மேடையேறியது. மேடையில் ஒரே ஆள், ஆறு பாத்திரம். இந்தியாவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் இளைஞன் அஸ்கி, அவனுக்கு வேலை கொடுக்கும் உணவக முதலாளி ஹக்கீம், அவர் மனைவி ஃபரீதா, மகள் சகீனா, மகன் சமீர், சகீனாவுக்கு நிச்சயம் செய்த மருத்துவ மாணவன் அலி. அதற்கு ஓபி விருது கிடைத்தது, பிராட்வேக்கு வெளியே சின்ன அரங்குகளில் நடக்கும் நியூயார்க் நாடகங்களுக்குத் தரும் விருது. அந்த நாடகத்தைப் பார்த்த இஸ்மாயில் மெர்ச்சன்ட் தன் 'தி மிஸ்டிக் மசூர்' (2001) படத்தின் நாயகனாகவே அவரைப் போட்டார். நைபாலின் நாவல், டிரினிடாட் கதை.

டாக்சி ஓட்டுநரிலிருந்து ஆறே வருடத்தில் கதாநாயகன். நடுவில் நடந்தது அவரே எழுதிய ஒரு நாடகம். என் வாதம் இவ்வளவுதான்: மாண்ட்வி எழுதும்போதெல்லாம் மேலே போனார், எழுதாமல் காத்திருந்தபோதெல்லாம் தொழில் அவரைத் திரும்பக் கடைக்குள்ளும் காருக்குள்ளும் உட்கார வைத்தது. 2004-ல் ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகத்தில் என்ன வேடம்? பீட்சா கடைக்காரர் மிஸ்டர் அஜீஸ்.

இரவுக்காட்சி

நாடகம் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, நண்பரே. ஆனால் அன்றாடச் செய்திகளைக் கேலி செய்யும் தொலைக்காட்சி நிகழ்ச்சியான தி டெய்லி ஷோ இல்லை என்றால் இன்று நீங்களும் நானும் இவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். நியூயார்க்கில் ஓபி வாங்கிய ஓராள் நாடகக்காரர்கள் நிறையப் பேர். அவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

2006 ஆகஸ்ட். லெபனானில் போர் நடந்துகொண்டிருந்தது. காமெடி சென்ட்ரலில் ஜான் ஸ்டூவர்ட்டின் குழுவுக்கு மத்திய கிழக்கு நிருபராக நடிக்க ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார். பகலில் ஆடிஷன், அன்று இரவே நிகழ்ச்சியில் அவர் முகம். அடுத்த சில வருடங்கள் அவர்தான் 'மூத்த மத்திய கிழக்கு நிருபர்', 'மூத்த முஸ்லிம் நிருபர்'.

அந்த நிகழ்ச்சியின் களப்பேட்டிகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதைக் கவனித்தால் அவர் எவ்வளவு பெரிய நடிகர் என்பது புரியும். பேட்டி மணிக்கணக்கில் போகும், ஒளிபரப்பாவது சில நிமிடம். எதிரில் இருப்பவர் நிஜ மனிதர், வசனம் கிடையாது. நிருபராக நடிப்பவர் சிரிக்கவும் கூடாது, கோபப்படவும் கூடாது. முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் அசையாத அக்கறையோடு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

2013 அக்டோபரில் வட கரோலினாவின் புதிய வாக்காளர் அடையாள அட்டைச் சட்டம் பற்றி டான் யெல்டன் என்ற குடியரசுக் கட்சியின் உள்ளூர் நிர்வாகியைப் பேட்டி எடுத்தார். அந்த மனிதர் கறுப்பினத்தவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே போகிறார். மாண்ட்வி குறுக்கே பாயவில்லை. இடம் விட்டார். இன்னும் கொஞ்சம் பேசவிட்டார். கடைசியில், நீங்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது, தெரியும்தானே என்கிற தொனியில் மெல்ல ஒரு கேள்வி. அவரும் தெரியும் என்கிறார். ஒளிபரப்பான மறுநாள் யெல்டன் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. எத்தனையோ தலையங்கங்கள் செய்யாததை அந்த ஒரு பேட்டி செய்தது. இதில் அவர் எழுதிய வசனம் எங்கே? இங்கே வேலை செய்தது நடிப்பும் பொறுமையும்தான்.

மேடைப்பித்தன்

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி, இரவுக்காட்சி. ஆறு பேராக ஒரே மேடையில் நின்றவருக்கு எதிரில் இருப்பவரின் பேச்சைக் கேட்கத் தெரியும். டிஸ்னி பூங்காவில் முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுத்தே சம்பளம் வாங்கியவர் வேறு. டெய்லி ஷோ அவருக்கு மேடை கொடுத்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வித்தை அவர் கையோடு கொண்டுபோனது.

கடற்கரைத்தெரு

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். முஸ்லிம் பார்வையாளன் என்ற முறையில் எனக்கு மாண்ட்வியிடம் மிகுந்த மரியாதையும் உண்டு, ஒரு தீராத மனத்தாங்கலும் உண்டு. மரியாதையை முதலில் சொல்கிறேன்.

2002 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வேயில் 'ஓக்லஹோமா!' இசை நாடகம் மறுபடியும் மேடையேறியது. டிரெவர் நன் இயக்கியது. அதில் ஊர் ஊராகச் சாமான் விற்கும் பாரசீக வியாபாரி அலி ஹக்கீம் வேடம் மாண்ட்விக்கு. தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 11 நடந்து ஆறே மாதம். அதே நகரம். முஸ்லிம் பெயர் உள்ளவர்கள் விமான நிலையத்தில் தனியாக நிறுத்தப்பட்ட காலம். அந்த நேரத்தில் அந்தப் பெயருள்ள ஒரு பாத்திரத்தில், அப்படிப்பட்ட பெயருள்ள ஒரு நடிகர் தினமும் மேடையேறி நியூயார்க்கைச் சிரிக்க வைத்தார். பழைய பாணி கேலி வேடம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சில மாதங்களில் அந்தச் சிரிப்புக்கு என் மனத்தில் தனி மதிப்பு உண்டு.

2004-ல் பீட்சா கடைக்காரர் என்று மேடைப்பித்தன் சொன்னார். அதே 2004-ல் அவர் நியூயார்க்கில், அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ சிறையின் கைதிகளைப் பற்றிய ஆவண நாடகத்திலும் நடித்தார். உண்மையான கடிதங்கள், சாட்சியங்களை வைத்துக் கட்டிய நாடகம். படத்தில் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில், நாடகத்தைப் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர். எதை வைத்து அவரை எடை போடுவது?

மனத்தாங்கல் எது என்றால், அந்த 'மூத்த முஸ்லிம் நிருபர்' பட்டம். வேடிக்கைக்காகத்தான் வைத்தார்கள், ஊடகங்கள் எல்லா முஸ்லிம்களையும் ஒரே ஆளாகப் பார்ப்பதைக் கேலி செய்யத்தான் வைத்தார்கள், அதெல்லாம் சரி. நாளாக ஆக அந்தக் கேலியே உண்மையான பதவியாக மாறிவிட்டது. 2010-ல் நியூயார்க்கில், செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டத் திட்டமிட்ட பார்க்51 இஸ்லாமிய மையம் சர்ச்சையானது. கேமரா அவர் பக்கம். டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோவில் பள்ளிவாசல் கட்ட எதிர்ப்பு. அவர்தான் போனார். எங்கே எது நடந்தாலும் ஒரு நாடக நடிகர் ஒரு மதத்துக்கே விளக்கம் கொடுக்கிற நிலைமை. தான் அப்படியொன்றும் தீவிரமான நம்பிக்கையாளர் அல்ல என்று அவரே வெளிப்படையாகப் பேசியவர். அப்படிப்பட்டவர் மேல் இவ்வளவு சுமை ஏற்றியது அவருக்கும் நியாயம் இல்லை, நம்பிக்கையோடு வாழ்கிறவர்களுக்கும் நியாயம் இல்லை.

இரவுக்காட்சி

மர்ஃப்ரீஸ்பரோ பேட்டியை நீங்கள் குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. அந்த ஊர் முஸ்லிம்கள் பல வருடங்களாக அங்கேயே வாழ்ந்தவர்கள். கட்டுமான இடத்தில் தீ வைத்தார்கள், வழக்கு போட்டார்கள். 2012-ல்தான் கடைசியாகக் கட்டடம் திறந்தது. அந்தச் சண்டை நடந்த காலத்தில் தேசிய அளவில் லட்சக்கணக்கான பேர் சிரித்துக்கொண்டே அதைத் தெரிந்துகொள்ள வழி செய்தது அந்தச் சில நிமிடங்கள்தான். யாரோ ஒருவர் போகத்தானே வேண்டும்?

கடற்கரைத்தெரு

போகத்தான் வேண்டும். போனவரைக் குறை சொல்லவில்லை, தம்பி. இருநூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரை மட்டும் வைத்திருந்த தொலைக்காட்சியைச் சொல்கிறேன்.

நிலாவாசகி

ஒரு அடிப்படைக் கேள்வி. இவரை நகைச்சுவையாளர் என்று சொல்வது சரியா? நஞ்சியானி, மோ ஆமர் இருவரும் மைக் முன்னால் நின்று வளர்ந்தவர்கள். மாண்ட்வி அப்படி இல்லையே?

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன், ஏனென்றால் குடிபெயர்ந்த மூன்று பேர் மூன்று வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள்.

நஞ்சியானி கராச்சியில் பிறந்து, பதினெட்டு வயதில் அயோவாவின் கிரின்னல் கல்லூரிக்குப் படிக்கப் போனவர். கணினி அறிவியலும் தத்துவமும் படித்தார், சிகாகோவில் ஸ்டாண்ட்-அப், அதாவது மேடையில் தனியாக நின்று பேசும் நகைச்சுவை, தொடங்கினார். மனைவி எமிலி கார்டனோடு சேர்ந்து எழுதிய 'தி பிக் சிக்' 2017-ல் வந்து, அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போயிற்று. மோ ஆமர் குவைத்தில் பிறந்த பாலஸ்தீனர். 1990-ல் போருக்குத் தப்பி ஒன்பது வயதில் ஹியூஸ்டன் வந்தவர். குடியுரிமை கிடைத்தது 2009-ல்! ஏறக்குறைய இருபது வருடம் காகிதத்துக்காகக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைத்தான் 2022-ல் 'மோ' என்ற தொடராக எழுதினார்.

ஸ்டாண்ட்-அப் காரருக்கு ஒரு வசதி உண்டு. முதல் நாளிலிருந்தே பேசுவது அவருடைய சொந்த வரி. யாரும் வேடம் தர வேண்டியதில்லை, மைக் இருந்தால் போதும். நாடக நடிகர் அப்படி இல்லை. வேறொருவர் எழுதிய பாத்திரத்துக்குத் தேர்வாக வேண்டும், இயக்குநருக்குப் பிடிக்க வேண்டும், தோல் நிறம் பொருந்த வேண்டும். அதனால்தான் மாண்ட்விக்கு எழுத்து அவ்வளவு அவசியமாகப் போயிற்று என்று நினைக்கிறேன். மற்ற இருவருக்கு எழுத்து தொழிலின் ஒரு பாகம். இவருக்கு அது கதவை உடைக்கிற கருவி. மேடைப்பித்தன் அண்ணா சொன்னதை இந்த இடத்தில் முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

திரைநேசன்

எல்லோரும் நாசூக்காகத் தாண்டிப் போகிற படம் ஒன்று இருக்கிறது. 2010, 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. ஷியாமளன் இயக்கியது. ஆசியப் பண்பாடுகளை வைத்து வரைந்த அனிமேஷன் தொடரைப் படமாக்கினார்கள். நாயகர்கள் வேடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள், படையெடுத்து வரும் நெருப்பு நாட்டின் முக்கிய வேடங்களில் தெற்காசியர்கள் உள்பட வெள்ளையர் அல்லாதவர்கள். தளபதி ஜாவ் யார்? மாண்ட்வி. படம் வருவதற்கு முன்பே தொடரின் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

டெய்லி ஷோவில் இனப் பாகுபாட்டைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்த அதே வருடம் இந்த வேடத்தை ஏன் எடுத்தார்? எனக்கு இது இன்றுவரை உறுத்துகிறது.

மேடைப்பித்தன்

எனக்கும் உறுத்துகிறது. மழுப்ப மாட்டேன். பெரிய படம், பெரிய வேடம், பெயர் போன இயக்குநர், அவரும் இந்திய வம்சாவளி. ஒரு நடிகர் ஏன் ஒத்துக்கொண்டிருப்பார் என்பது புரிகிறது. புரிவதால் சரியாகிவிடாது.

அதற்கு முந்தைய வருடத்தைப் பாருங்கள். 2009, 'டுடேஸ் ஸ்பெஷல்'. ஜொனாதன் பைன்ஸோடு சேர்ந்து அவரே எழுதியது. சகீனா நாடகத்தின் உணவகத்திலிருந்து கிளைத்த கதை. நாயகன் ஒரு சமையல் கலைஞன், மேல்தட்டு உணவகத்தில் வேலை பார்த்தவன், அப்பாவின் பழைய உணவகத்தை எடுத்து நடத்த வேண்டியதாகிறது. நசீருத்தீன் ஷாவும் மதுர் ஜாஃப்ரியும் கூட நடித்தார்கள். சின்னப் படம், அதிகம் பேர் பார்க்கவில்லை. அதில் முஸ்லிம் குடும்பம் ஒன்று சாப்பிடுகிறது, சண்டை போடுகிறது, மகனுக்குப் பெண் தேடுகிறது. யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் பெரிய ஸ்டுடியோவின் கற்பனையில் அவர் தளபதி ஜாவ். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நான் முதல் பதிவில் சொன்னதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆறாம்விரல்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சகீனா நாடகம் பற்றி இவ்வளவு பேசியதால் எழுதுகிறேன். 2018 அக்டோபரில் நியூயார்க் மினெட்டா லேன் தியேட்டரில் அதை மறுபடியும் போட்டார்கள். ஒலிப்புத்தகங்கள் வெளியிடும் ஆடிபிள் நிறுவனம் தயாரித்தது, அதே இயக்குநர் கிம் ஹியூஸ். நேரில் பார்க்கக் கொடுத்து வைத்தது.

பெரிய ஒப்பனை மாற்றம் எதுவும் இல்லை. சின்னச் சின்னப் பொருள் ஒன்றை எடுப்பார், வைப்பார். தோள் இறங்கும், கழுத்து நிமிரும், குரல் மாறும். ஹக்கீமாக நின்றவர் ஒரு நொடியில் ஃபரீதாவாகி, மேடையின் இன்னொரு பக்கம் பார்த்துப் பேசும்போது, ஹக்கீம் இன்னும் அங்கேயே நிற்பதாக நம் கண்ணே நம்பிவிடுகிறது.

என்னை மிகவும் பாதித்தது வயதுதான். 1998-ல் இதை முதலில் போட்டபோது அவருக்கு 32. 2018-ல் 52. எழுதிய காலத்தில் அவர் அஸ்கிக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருந்தார், அப்பாவை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். நான் பார்த்த இரவில் ஹக்கீமின் களைப்பு தனியாக நடிக்க வேண்டியதாகவே இல்லை. கடையைத் தூக்கி நிறுத்திய பிறகும் மகள் ஏன் தன்னை விட்டு விலகிப் போகிறாள் என்று புரியாமல் தவிக்கிற மனிதர். வசனம் முப்பது வயதுக்காரர் எழுதியது, அதைச் சொன்ன குரல் ஐம்பதைத் தாண்டியது. அந்த இடத்தில் அரங்கமே அவரோடு இருந்தது.

காலமும் மாறியிருந்தது. 1998-ல் அஸ்கி பெட்டியோடு அமெரிக்கா கிளம்புவது வெறும் ஆசைக் கதை. 2018-ல் அப்படியில்லை. பெரும்பான்மை முஸ்லிம் நாடுகள் சிலவற்றிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கும் ஆணை 2017 ஜனவரியில் வந்து, வழக்குகளுக்குப் பிறகு திருத்திய வடிவம் செல்லும் என்று 2018 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடகத்தில் வசனம் அப்படியே இருந்தது. அஸ்கி உற்சாகமாகக் கிளம்பும்போது எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

நிலாவாசகி

மிக்க நன்றி ஆறாம்விரல். இந்த வயது விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

கடற்கரைத்தெரு

அருமையான பதிவு. நான் முன்பு சொல்ல வந்து விட்டுப்போன நாடகம் இப்போது பேச வேண்டியது. 'டிஸ்கிரேஸ்ட்'. அயாத் அக்தர் எழுதியது. 2012-ல் லிங்கன் சென்டரின் சிறிய அரங்கில் போட்டார்கள், மாண்ட்வி நாயகன் அமீர் கபூர். அடுத்த வருடம் நாடகத்துக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது.

அமீர் பெரிய சட்ட நிறுவனத்தில் வழக்கறிஞர். பாகிஸ்தானியப் பின்னணியை மறைத்து, பெயரை மாற்றி, மதத்தைக் கைகழுவி மேலே வந்தவன். வீட்டில் ஒரு விருந்து. பேச்சு முற்றி, அவன் அடக்கி வைத்த எல்லாம் வெடிக்கிறது. கடைசியில் மனைவியை அடிக்கிறான்.

மாண்ட்வியின் நடிப்பைப் பற்றி வந்த விமர்சனங்கள் எல்லாம் பாராட்டு. ஆனால் நாடகத்தோடு எனக்குச் சமாதானம் கிடையாது. எவ்வளவு படித்தாலும், எவ்வளவு நாகரிகமானாலும், உள்ளே ஒரு வன்முறை உட்கார்ந்திருக்கிறது என்று முஸ்லிம்களைப் பற்றிப் பார்வையாளர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பயத்துக்கு அந்த முடிவு தீனி போடுகிறது. கைதட்டுகிறவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

மேடைப்பித்தன்

நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன், ஐயா. அமீர் ஒரு இனத்தின் பிரதிநிதி அல்ல, ஒரு மனிதன். ஒத்தெல்லோ மனைவியைக் கொல்கிறான், அதற்காக அந்த வேடத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நல்ல பிள்ளையாக மட்டுமே வர முடியும் என்றால் அதுவும் ஒரு சிறைதான். கடைக்காரர் வேடத்திலிருந்து மீண்டு வந்த நடிகருக்கு உத்தமன் வேடம் மட்டும் கொடுத்தால் அவர் எங்கே போவார்?

கடற்கரைத்தெரு

ஒத்தெல்லோவோடு சேர்த்து அதே மேடையில் அந்த இனத்தாரின் இன்னும் நூறு கதைகள் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் வாதம் நிற்கும். வருடத்துக்கு ஒன்று வருகிற இடத்தில் அந்த ஒன்று இப்படி முடிந்தால் வலிக்கிறது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, பரவாயில்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் மாண்ட்வியே செய்த ஒரு வேலை எனக்கு முழு நிறைவு தந்தது. கறுப்பினக் குடும்பம் ஒன்றைக் காட்டிய பழைய நகைச்சுவைத் தொடரான காஸ்பி ஷோ மாதிரி முஸ்லிம்களுக்கும் ஒரு குடும்பத் தொடர் இருந்தால் அச்சம் குறையும் என்று தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் ஒருமுறை சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு 2011-ல் டெய்லி ஷோவில் பழைய காலச் சிட்காம் (வீட்டுக்குள் நடக்கும் நகைச்சுவைத் தொடர்) பாணியில் ஒரு கேலித் துண்டு செய்தார்கள். சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். அவர் விடவில்லை. மைல்ஸ் கானோடு சேர்ந்து 2015-ல் 'ஹலால் இன் தி ஃபேமிலி' என்று நாலு எபிசோட் வலைத்தொடராக எடுத்தார். மனைவி வேடத்தில் சகீனா ஜாஃப்ரி. பள்ளியில் பிள்ளைகளைச் சீண்டுவது, பள்ளிவாசலை உளவு பார்ப்பது, ஊடகங்களின் பாரபட்சம், எல்லாவற்றையும் சிரிப்புச் சத்தம் சேர்த்த சிட்காமுக்குள் வைத்தார். அந்த வேலையில் முஸ்லிம் அமைப்புகளையும் கூடச் சேர்த்துக்கொண்டார். தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதியது தெரிகிறது. பள்ளியில் பெயருக்காகவே சீண்டப்பட்ட பிள்ளையின் தகப்பன் நான். என் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.

திரைநேசன்

இப்போது மேடைப்பித்தனிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். எழுதினால் மேலே, எழுதாவிட்டால் கீழே என்கிறீர்கள். அப்படியானால் 'ஈவில்' தொடரை எங்கே வைப்பீர்கள்? ராபர்ட் கிங், மிஷெல் கிங் தம்பதி உருவாக்கியது. 2019 முதல் 2024 வரை நாலு சீசன், முதல் சீசன் சிபிஎஸ், பிறகு பாரமவுண்ட் பிளஸ். இவர் எழுதியது இல்லை. ஆனால் அவருடைய மொத்தத் திரை வாழ்க்கையில் சிறந்த வேடம் பென் ஷகீர்தான் என்பேன்.

கத்தோலிக்கத் திருச்சபைக்காக அதிசயங்களையும் பேய் பிடித்த வழக்குகளையும் விசாரிக்கும் மூன்று பேர். ஒருவர் குருவாகப் படிப்பவர், ஒருவர் உளவியலாளர், மூன்றாவது பென், தொழில்நுட்ப ஆள். முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவன், நம்பிக்கை இல்லாதவன். சுவருக்குள் முனகல் கேட்டால் மற்றவர்கள் பிரார்த்தனை பற்றிப் பேசும்போது இவன் குழாயைத் தட்டிப் பார்ப்பான், ஒயரைத் தேடுவான். மதம் பற்றிய ஒரு தொடரில், முஸ்லிம் பெயருள்ள ஆள்தான் அறிவியலின் பக்கம் நிற்கிறான்! அவன் பின்னணி கதையில் இருக்கிறது, சகோதரி கரீமாவோடு பேசும் காட்சிகளில் வீடு தெரிகிறது, ஆனால் அது அவனுடைய பிரச்சினையாகவே காட்டப்படவில்லை. அலுப்பு, கிண்டல், தனிமை, பயம் எல்லாம் ஒரு சாதாரண மனிதனுடையவை.

மேடைப்பித்தன்

நல்ல அடி. இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

பென் வேடத்தை அவர் எழுதவில்லை, உண்மை. ஆனால் 1995-ல் அந்த வேடத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருந்தாலும் மாண்ட்வி மாதிரி ஒருவரை அழைத்திருக்க மாட்டார்கள். இடையில் என்ன நடந்தது? அவருடைய நாடகம், படம், 2014-ல் வந்த 'நோ லேண்ட்ஸ் மேன்' கட்டுரை நூல், டெய்லி ஷோ வருடங்கள், வலைத்தொடர். எழுத்தாளர்களின் அறைக்குள்ளும் புதிய ஆட்கள் வந்தார்கள். 2015-ல் எச்பிஓவின் 'தி பிரிங்க்' தொடரில் அவர் நடிகராக மட்டும் இல்லாமல் எழுத்துப் பக்கமும் இருந்தார். பாகிஸ்தானிய ஓட்டுநர் ரஃபீக் வேடம். மறுபடியும் ஓட்டுநர்தான்! ஆனால் இந்த ஓட்டுநருக்குப் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, பின்சீட்டில் இருக்கும் அமெரிக்க அதிகாரியைவிட உலக விவரம் தெரிகிறது. 1995-ன் டாக்சி ஓட்டுநரையும் 2015-ன் ரஃபீக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருபது வருடம் ஒரு மனிதன் என்ன வேலை பார்த்திருக்கிறான் என்பது தெரியும்.

அதனால் என் வாதத்தைக் கொஞ்சம் விரித்துக்கொள்கிறேன். முதலில் தனக்காக எழுதினார். எழுதி எழுதி, மற்றவர்கள் எழுதும்போதே இவரை மனத்தில் வைக்கும் நிலையைக் கொண்டுவந்தார். பென் ஷகீர் அதன் பலன்.

இரவுக்காட்சி

இதை ஏற்றுக்கொள்கிறேன். கூடவே டெய்லி ஷோவின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014-ல் ஹசன் மின்ஹாஜ் அங்கே வரும்போது 'முஸ்லிம் நிருபர்' என்ற நாற்காலி ஏற்கெனவே இருந்தது. அவர் அதில் வெகுநாள் உட்கார வேண்டியிருக்கவில்லை. 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் சொந்த நிகழ்ச்சியே நடத்தினார். மாண்ட்வி எட்டு ஒன்பது வருடம் வாங்கிய அடிகள் அடுத்தவருக்குக் குறைந்தன.

புதுவரவு

முழு இழையையும் படித்தேன். ஈவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அடுத்து எதிலிருந்து தொடங்குவது?

ஆறாம்விரல்

சகீனாஸ் ரெஸ்டாரன்ட்டின் ஒலிப்பதிவு ஆடிபிளில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். ஆறு குரலையும் காதால் மட்டும் பிரித்துக் கேட்பது தனி அனுபவம். அப்புறம் டுடேஸ் ஸ்பெஷல், பிறகு ஹலால் இன் தி ஃபேமிலி, நாலு எபிசோடும் சின்னவை, ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

கடற்கரைத்தெரு

வட கரோலினா பேட்டியையும் பார்த்துவிடுங்கள். டிஸ்கிரேஸ்ட் அச்சில் கிடைக்கிறது. படித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். மேடைப்பித்தனும் நானும் இன்னொரு ஆளின் கருத்துக்காகக் காத்திருக்கிறோம்.